கொல்கத்தாவில் எங்கள் ஊர் எல்லை

எங்கள் ஊரின் கிழக்கெல்லையை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் நகர்த்தி, கொல்கத்தாவில் ஒரு கோல் போஸ்ட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டவன் நான். கிரேன் கிடையாது, லாரி கிடையாது. ஒரு மஞ்சள் துணி, ஒரு கைப்பிடி மண், அவ்வளவுதான். அறுபத்தாறு வயதில், ஒரு முழங்காலில் ஸ்டீல் வைத்துக்கொண்டு செய்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் ரிட்டயர்டு சர்வேயர் ரெங்கராஜ். கறம்பக்குடிப் பக்கம் முப்பத்து நாலு வருஷம் செயின் பிடித்து நிலம் அளந்தவன். என் காலடி படாத வரப்பு இந்தத் தாலுகாவில் மொத்தம் மூன்றுதான் இருக்கும், அவற்றில் இரண்டில் பாம்பு. அளவு விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன். மற்ற விஷயங்களில் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று வீட்டுக்காரி சொல்வாள். அவள் எப்போதும் குறைத்துச் சொல்கிறவள்.

எங்கள் ஊரில் மது எடுப்புத் திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் காப்புக் கட்டுவார்கள். பெண்கள் குடத்தில் நெல் நிரப்பித் தென்னம்பாளை சொருகித் தலையில் சுமந்து போகிற திருவிழா அது. முதல் பாளையை வெட்டுகிற உரிமை ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான். அந்தக் குடும்பத்து ஆம்பளை கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், பாளை வெட்டி முடிகிறவரை அவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. மூக்கனைப் பார்த்தாலே போதும். எண்பத்தொன்பதில் மூக்கன் கையில் காப்பு இருந்தது. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஒரு கட்டுப் பீடிக்காகக் கறம்பக்குடிக்கு சைக்கிள் மிதித்தான். போன இடத்தில் ஒரு மில்லில் நின்று பேசிக்கொண்டிருந்தவன், பேச்சுவாக்கில் கையை ஓங்கினான். பெல்ட் இழுத்துக்கொண்டது. மணிக்கட்டோடு போயிற்று, சரியாகக் கயிறு கட்டியிருந்த இடத்தில். அவனுக்குப் பிறகு அந்த உரிமை பங்காளி வீட்டுக்குப் போனது.

அந்தப் பங்காளி வீடுதான் செவந்தி வீடு. அவள் புருஷன் குவைத்தில் இருக்கிறான். மகன் அரவிந்த்குமார் கோல்கீப்பர். சாதாரணக் கோல்கீப்பர் இல்லை, சென்னை ராயபுரம் ரோவர்ஸ் கிளப்புக்கு. பந்து அவனைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் டிக்கெட் வாங்க வேண்டும். அந்த வருஷம் ரோவர்ஸ் தேசியக் கோப்பை ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரி, கொல்கத்தாவின் கங்கா ஸ்போர்ட்டிங். இரண்டு கிளப்புக்கும் முப்பது வருஷப் பகை. மூன்று ஃபைனலில் மோதி மூன்றிலும் ரோவர்ஸ் தோற்றிருக்கிறது. ஆட்டமும் அவர்கள் ஊரில், அவர்கள் மைதானத்தில்.

ஃபைனலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே என்று பையன் அப்பாவுக்குப் பதிலாகக் காப்புக் கட்டிக்கொள்ள ஊருக்கு வந்தான். திங்கட்கிழமை கட்டியாயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. கொல்கத்தாவில் புயல் சின்னமாம், ஆட்டத்தை முன்னால் இழுத்து இந்த ஞாயிற்றுக்கிழமையே வைத்துவிட்டார்களாம். பாளை வெட்டுவது அடுத்த செவ்வாய்.

செவந்தி அடுப்பை அணைத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க சொன்னா அவன் கேப்பான். போகாதன்னு சொல்லுங்க."

"போகலைன்னா கிளப்புல வச்சிருப்பாங்களா?"

"வேலை போனா போகட்டும். கை இருந்தா வேற வேலை பாப்பான்."

பையன் பின்னாலேயே வந்து வாசலில் நின்றான். ஆறடி இரண்டங்குலம். அவன் உள்ளங்கையில் ஒரு தட்டுச் சோறு வைக்கலாம். "மாமா, பத்து வருசமா இந்த ஒரு மேட்சுக்குத்தான் விழுந்து எந்திரிச்சேன்" என்றான்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் பேச்சு. காப்புக் கட்டுகிற சாமியாடி ஆண்டிச்சாமி ஒரே வார்த்தையில் முடித்தார். "போனா, நான் கட்டுன கயிறுக்கு நான் பொறுப்பில்ல."

மூக்கன் அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து பையன் கையைத் தூக்கிப் பார்த்தான்.

"வலது கையா?"

"ஆமா சித்தப்பா."

"எனக்கும் வலதுதான்" என்றான். திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அப்போதுதான் என் மூளைக்குள் செயின் விரிந்தது. எழுந்து நின்று கேட்டேன். "ஏய்யா, அய்யனாருக்குக் குதிரை செய்ய இங்கேருந்து பிடிமண் எடுத்துக் குடுக்குறோம். அந்த மண்ணு போன எடத்துல சாமி இருக்குதா, இல்லையா?"

"இருக்கு" என்றார் ஆண்டிச்சாமி.

"பிழைக்கப் போனவன் பிடிமண் கொண்டுபோய் அங்கே கோயில் கட்டுறான். அது நம்ம சாமியா, இல்லையா?"

"நம்ம சாமிதான்."

"அப்ப எல்லைக்கல்லு மண்ணை எடுத்துக் காலுக்கடியில வச்சிக்கிட்டா, அவன் நிக்கிற எடம் நம்ம ஊருதானே? எல்லையை அவன் தாண்டலையே, எல்லை அவன்கூடப் போகுது."

ஆண்டிச்சாமி என் பக்கம் திரும்பினார். "எல்லை நடக்குமா, சர்வேயரே?"

"நான் நடக்க வைக்கிறேன்."

"அவன் எவ்விக் குதிக்கிறப்ப? அப்ப எந்த ஊர்ல இருப்பான்?"

"நம்ம ஊருக்கு மேல இருப்பான்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இது நடக்காத காரியம். புள்ள கைய வச்சு வெளையாடாதீங்க" என்றார். பையனோ மறுநாள் கிளம்பத் தயாராகிவிட்டான். செவந்தி என்னிடம் வந்து, "உங்களை நம்பித்தான் அனுப்புறேன், அண்ணே" என்றாள். அந்த நிமிஷமே பையனின் வலது கை என் கணக்கில் ஏறிவிட்டது.

விடிகாலையில் கிழக்கெல்லைக்குப் போனோம். தைலமரக் காட்டு ஓரத்தில் நிற்கிறது கல். தொண்ணூற்று நாலில் மறு அளவையில் நான் நட்ட கல். கல்லுக்கு இங்கிட்டு நம் ஊர், அங்கிட்டு அடுத்த ஊர். மேற்குப் பக்கம் முழுக்கக் கருவேல முள். கிழக்குப் பக்கம் செம்மண் பொலபொலவென்று இருந்தது. குனிய முடியாத முழங்காலோடு கையை நீட்டி எட்டிய இடத்தில் அள்ளினேன். இரண்டு சிட்டிகை அவன் இரண்டு காலுறைக்குள். மீதி மஞ்சள் துணியில். "தூங்குறப்பவும் காலுறையைக் கழட்டாதே. மைதானத்துல கோல் கோட்டுல கொஞ்சம் தூவிக்க" என்றேன்.

பையன் கல்லைத் தாண்டினான். காடு முழுக்க ஒரு குருவிச் சத்தம் இல்லை. தைலமரத்தில் காற்றே இல்லாமல் ஒரு கிளை முறிந்து அவன் நின்ற இடத்தில், அவன் இரண்டடி தள்ளிப் போன பிறகு, விழுந்தது. நான் அதை வீட்டில் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்ட விஷயங்கள் என் வாழ்க்கையில் மொத்தம் இரண்டுதான். அது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஆட்டம். என் வீட்டு டிவி முன்னால் நாலாயிரம் பேர். வீட்டுக்காரி கணக்குப்படி நாற்பது. வெளியே கிழக்கு வானம் அடிபட்ட இடம் மாதிரி கன்றிக் கிடந்தது. அன்று காலையில்தான் செவந்தி வீட்டு முளைப்பாரி மட்டும் தலை சாய்ந்துவிட்டது. ஊரில் மற்ற வீட்டுப் பயிரெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது, இவள் வீட்டில் மட்டும் வெந்நீர் ஊற்றினாற்போல. அவள் அதைத் துணி போட்டு மூடிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மூக்கன். காலிச் சட்டைக் கையை மடித்துக்கூட விடாமல் மடியில் போட்டிருந்தான்.

கேமரா பையனைக் காட்டியது. வலது மணிக்கட்டில் வெள்ளை டேப் சுற்றியிருந்தான், உள்ளே கயிறு. குனிந்து கோட்டில் எதையோ தூவினான். வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டில் சிவப்பாக ஒரு விரல் அகலத்துக்கு. எங்கள் ஊர். அறுபதாயிரம் வங்காளிகள் அதைப் பார்த்து ஊளையிட்டார்கள். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

முதல் பாதியில் கோல் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை பையன் விழும்போதும் வலது கை மேலேயே விழுந்தான். ஒருமுறை போஸ்ட்டில் மோதி எழுந்து விரல்களை உதறினான். செவந்தி தன் விரல்களை உதறினாள்.

இடைவேளையில் ஆண்டிச்சாமி உள்ளே வந்தார். வரமாட்டேன் என்று சொன்னவர். டிவியைப் பார்க்கவே இல்லை.

"காலையில எல்லைக்கல்லுக்குப் போயிருந்தேன், சர்வேயரே. மண்ணு அள்ளுன குழி இருக்கு."

"இருக்கும்."

"கல்லுக்கு அங்கிட்டு இருக்கு."

விளம்பரத்தில் யாரோ ஒருத்தி சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தாள்.

"அது அடுத்த ஊரு மண்ணு" என்றார் ஆண்டிச்சாமி. "நம்ம புள்ள நாலு நாளா எல்லையைத் தாண்டி நிக்கிறான்."

செவந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு நாற்பது பேரும் நாலாயிரமும் மறைந்து அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

நான் சொல்லாமல் விட்ட இரண்டாவது விஷயத்தை அன்றைக்குச் சொன்னேன்.

"அந்தக் கல்லு தப்பு" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. இந்த ஊரில் முப்பது வருஷமாக நான் சொல்லிவந்த ஒரே மந்திரம், ரெங்கராஜ் கல்லு நட்டால் பிரம்மாவே வந்தாலும் அங்கிட்டு இங்கிட்டு ஆகாது என்பதுதான்.

"தொண்ணூத்தி நாலு, சித்திரை வெயில். வெள்ளைக்காரன் காலத்துப் பழைய கல்லைத் தேடிப் பாத்தேன், கெடைக்கல. படத்துல கண்ட எடத்துக்கு, செயின்ல பதினோரு லிங்க் இங்கிட்டுத்தான் நிழலு இருந்துச்சு. நிழல்லயே நட்டுட்டேன். ஒரு மாசம் கழிச்சு அந்தப் பக்கம் ஒதுங்குனப்ப பழைய கல்லு காலுல இடிச்சுது. மண்ணைத் தள்ளி மூடிட்டேன். நம்ம ஊரு எல்லை கல்லுல இல்ல, செவந்தி. இன்னும் ஏழேகால் அடி கெழக்க. நான் அள்ளுனது நம்ம மண்ணுதான்."

ஆண்டிச்சாமியின் முகம் கறுத்தது. அதற்குக் காரணம் உண்டு. திருவிழாவில் சாமி வந்து எல்லை சுற்றும்போது அவர் கால் ஒவ்வொரு வருஷமும் என் கல்லில் நிற்காது. ஏழடி தாண்டிப் போய்த்தான் நிற்கும். நான் ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் நின்று, சாமிக்குச் செயின் பிடிக்கத் தெரியலை என்று சிரித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தே சிரித்தேன். அந்தச் சிரிப்பு தாங்காமல் கடைசி இரண்டு வருஷமாக அவர் காலைக் கட்டாயமாகக் கல்லிலேயே நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார். "முப்பது வருசம் ஒத்துக்காதவரு இன்னிக்கு மட்டும் ஏன் ஒத்துக்கிறாரு? இந்தப் பொண்ணு அழுகக் கூடாதுன்னு பொய் சொல்றாரு. இவரு வாயில வர்றதுல பாதி பொய்யின்னு ஊருக்கே தெரியும்."

கூட்டிக் கூட்டிச் சொன்னவனுக்கு வந்த தண்டனையைப் பாருங்கள். வாழ்க்கையில் முதன்முறையாக அளவு குறையாமல், கூடாமல் சொன்னேன். நம்ப ஆளில்லை.

"எம் புள்ள கைமேல சொல்லுங்க, அண்ணே" என்றாள் செவந்தி.

"அரவிந்து கைமேல, நெசம்."

அவள் டிவியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியாது.

இரண்டாம் பாதியில் அறுபத்து மூன்றாவது நிமிஷம் ரோவர்ஸ் ஒரு கோல் போட்டது. கைதட்டக்கூட யாரும் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் மூக்கன் கண்ணில் படுமே. வெளியே இடி கேட்டது. தொண்ணூறு நிமிஷம் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிஷத்தில் நாலாவதில், எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் கங்காவின் பத்தாம் நம்பரைக் காலைத் தட்டி விழத்தாட்டினான். பெனால்டி.

பத்தாம் நம்பர் பந்தை வைத்தான். மெலிந்த ஆள், கண் இமைக்காத ஆள். பந்தை உதைக்கும்வரை கோல்கீப்பர் கோட்டைவிட்டு நகரக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. காப்புக் கட்டினவன் எல்லையைவிட்டு நகரக் கூடாது என்பது எங்கள் விதி. பையன் இரண்டு விதியிலும் ஒரே இடத்தில் நின்றான். காலடியில் அந்தச் சிவப்பு.

உதைத்தான். பையன் வலது பக்கம் பாய்ந்தான். பந்து விரல் நுனியில் பட்டு, போஸ்ட்டில் மோதி, திரும்ப வந்து அவன் முதுகில் விழுந்து, கோட்டை நோக்கி உருண்டது. வேகமே இல்லை. எறும்பு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. கோட்டுக்கு வந்தது. பாதிக் கோட்டுக்கு மேல் போனது. சிவப்பு மண்ணில் ஏறியது. நின்றது.

பள்ளம் இல்லை, மேடு இல்லை, கை படவில்லை. நின்றது.

பையன் மண்டியிட்டுத் திரும்பி வலது கையைப் பந்தின் மேல் வைத்தான். அதே சமயம் பத்தாம் நம்பர் பாய்ந்து சறுக்கிக்கொண்டு வந்தான், பூட்ஸின் குமிழ்கள் முன்னால் தெரிய. அது டேப் சுற்றிய இடத்தில் இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பையன் சுருண்டான். திரை நீலமாயிற்று. சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. வெளியே மழை கொட்ட ஆரம்பித்திருந்தது.

போனில் மணி போனது, எடுக்க ஆளில்லை. நான் பதினாறு தரம் அடித்தேன். செவந்தி அசையவில்லை. மூக்கன்தான் பேசினான், யாரையும் பார்க்காமல். "எனக்கு அன்னிக்கு வலிக்கவே இல்ல, ஆத்தா. கீழ பாத்தப்பத்தான் தெரிஞ்சுது."

ஆண்டிச்சாமி எழுந்து மழையில் இறங்கிப் போய்விட்டார். அவரோடு சேர்ந்து என் வீட்டுக் கடப்பாரையும் காணாமல் போயிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஐம்பது நிமிஷம். என் போன் அடித்தது. வீடியோ. முதலில் ஒரு கூரை தெரிந்தது, அப்புறம் ஒரு காது, அப்புறம் பையன் முகம்.

"மாமா, அம்மாகிட்டக் குடுங்க."

"கையைக் காட்டுடா."

காட்டினான். ஐந்து விரல். மடக்கி விரித்தான். கையுறை கிழிந்து, டேப் கிழிந்து, குமிழ் மூன்றும் கயிற்றின் மேலேயே இறங்கியிருந்தன. மூன்று இழைக் கயிற்றில் இரண்டு அறுந்திருந்தது. மூன்றாவது இழை இருந்தது. தோலில் கீறல்கூட இல்லை. கோல் இல்லை என்று கொடியும் ஆட்டி, விசிலும் ஊதி, கோப்பையையும் கொடுத்துவிட்டார்கள்.

செவந்தி போனை வாங்கித் திரையில் அந்தக் கையைத் தொட்டாள். மூக்கன் தன் காலிச் சட்டைக் கையை முதல் முறையாக மடித்து உள்ளே சொருகினான்.

மறுநாள் சாயங்காலம் பையன் வந்து சேர்ந்தான். அதே காலுறை. நாற்றம் திருச்சியிலேயே கிளம்பி அவனுக்கு முன்னால் வந்துவிட்டது. கிழக்கெல்லையில் ஆண்டிச்சாமி உட்கார்ந்திருந்தார், இரவெல்லாம் நனைந்த வேட்டியோடு. அவர் எதிரே ஆளுயரத்துக்கு ஒரு குழி, அதாவது இடுப்பளவு. குழிக்குள் பழைய கல், மண்டையில் வெள்ளைக்காரன் போட்ட அம்புக்குறியோடு. என் கல்லுக்கும் அதற்கும் நடுவே அவர் காலடியாலேயே அளந்த தடம் ஈரமண்ணில் வரிசையாக இருந்தது. கையில் கொண்டுபோன டேப்பால் நானும் அளந்தேன். ஏழேகால் அடி.

"கல்லு சரி" என்றார். "அதை ஒத்துக்கிறேன். எல்லை நடந்துச்சுங்கிறதை ஒத்துக்க மாட்டேன்."

பையன் போனை எடுத்து அந்தப் பந்தைக் காட்டினான். பந்து உருண்டு வருகிறது, சிவப்பில் ஏறுகிறது, நிற்கிறது. ஆண்டிச்சாமி இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். பத்தொன்பது தரம் பார்த்தார், நான் எண்ணினேன். கடைசி நாலைந்து தரம் அவர் பந்தைப் பார்க்கவில்லை, குனிந்து, சாமி வந்தால் எல்லையில் தானாக நிற்கிற தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பையனை உட்காரச் சொன்னார். காலுறையைக் கழற்றித் தானே உதறினார், மண் பழைய கல்லின் மேல் விழும்படி. மஞ்சள் துணியில் மிச்சம் இருந்ததையும் கொட்டி, உள்ளங்கையால் அமுக்கினார். பையனின் மணிக்கட்டைத் தூக்கி அந்த ஒற்றை இழையை விரலால் நெருடிப் பார்த்தார்.

"நாளைக்கு பாளை வெட்டுனதும் அவுக்குறேன்" என்று அவனிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார், முகத்தைப் பார்க்காமல்.

"எல்லை போயிருக்கு, சர்வேயரே. போயிட்டு வந்திருக்கு."